உடலும் உள்ளமும்: ஏலமலை உணர்த்தும் நெறி

குடமுழுக்குப் பெருவிழாவைக் காணும் மெய்யன்பர்கள் இரண்டு பொருள்களைக் கருத்தில் இருத்துதல் தகும். இறைவன் திருவுருவைப் பீடத்தோடு பிணைக்கும் சாந்துக்கு அட்டபந்தன மருந்து என்று பெயர். கொம்பரக்கு, குங்கிலியம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் முதலிய எட்டினை இடித்துக் கூட்டிய அம்மருந்தை 12 ஆண்டுகட்கு ஒருமுறை புதுக்குதல் மரபு. யாகசாலையில் விளங்கும் கும்பமோ மனித உடம்பின் வடிவமாகும். குடம் உடல், சுற்றிய நூல் நாடிகள், உள்ளிருக்கும் நீர் குருதி, மேலுள்ள தேங்காய் தலை, ஓதப்பெறும் மந்திரமே உயிர். குடம் உடைந்தால் மந்திரத்துக்கு இருக்கை யாது? உடம்பையும் உள்ளத்தையும் ஒருங்கே பேணுதல் சைவத்தின் பழைய நெறி என்பதற்கு இக்கிரியைகளே சான்று.

பத்தாந் திருமுறையாகிய திருமந்திரத்தை அருளிய திருமூலர், உடம்பை முன்னர் இழிவாகக் கருதியதையும், அதனுள்ளே இறைவன் கோயில் கொண்டமை கண்டபின் அதனைப் பேணலுற்றதையும் தாமே உரைக்கின்றார். உடலைப் பேணுதலை அவர் உயிர் வளர்க்கும் வழியாகவே கொண்டார்.

ஏலம் மணக்கும் போடிநாயக்கனூர்க்கு அணுக்கமான சான்றும் ஒன்றுண்டு. பதினெண்கீழ்க்கணக்கு நூல்களுள் கணிமேதாவியார் இயற்றியது ஏலாதி. ஏலம், இலவங்கம், சிறுநாவற்பூ, மிளகு, திப்பிலி, சுக்கு என்னும் ஆறும் கூடிய மருந்தின் பெயரே அந்நூலுக்குப் பெயராயிற்று. அம்மருந்து உடல் நோயைத் தணிப்பது போல, பாட்டுத்தோறும் அமைந்த ஆறு அறக்கருத்துக்கள் உள்ளத்தின் நோயைத் தணிக்கும் என்பது கருத்து. திரிகடுகமும் சிறுபஞ்சமூலமும் அவ்வாறே மருந்தின் பெயர் பூண்டவை. உள்ளத்துக்கும் நோயுண்டு, அதற்கும் மருந்துண்டு என்று முன்னோர் தெளிந்திருந்தனர்.

இத்தெளிவு ஏட்டளவில் நின்றதன்று. காஞ்சிபுரத்தை அடுத்த திருமுக்கூடலில், பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் கரையிலே வேங்கடேசப் பெருமாள் கோயில் உள்ளது. 1063 முதல் 1070 வரை ஆண்ட வீரராசேந்திர சோழனின் கல்வெட்டு ஒன்று, அக்கோயிலைச் சார்ந்து வேதக் கல்லூரியும் 15 படுக்கைகள் கொண்ட ஆதுலசாலையும் இருந்தமை கூறுகின்றது. மருத்துவர், அறுவை செய்வோர், மருந்து கொணர்வோர், நோயாளரைப் பேணும் பெண்டிர் ஆகியோர்க்கு நிவந்தம் விடப்பட்டது. வழிபாடும் கல்வியும் மருத்துவமும் ஒரே மதிலுக்குள் வாழ்ந்தன. பூசை நடக்கின்றதே, மருத்துவர் எதற்கு என்று அக்காலத்தார் கேட்டிலர்.

அவ்வறம் மறந்ததன் துயரம் 2001 ஆகஸ்டு 6-ஆம் நாள் இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் வெளிப்பட்டது. தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பற்றியபோது, சங்கிலியாற் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளர் தப்ப இயலாது மாண்டனர். இறந்தோர் 28 பேர். வழிபாட்டின்மேற் பிழையில்லை, நோயாளர்க்கு மருத்துவம் கிட்டாமையே பிழை. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநோயாளரைச் சங்கிலியிடுதலை எவ்வகையிலும் தடை செய்துள்ளது.

போடியின் நிலையும் எண்ணத்தக்கது. விடியுமுன் ஜீப்பில் ஏறிப் போடிமெட்டுக் கடந்து, கேரளத்து ஏலத் தோட்டங்களில் நாள் முழுதும் குனிந்து காயெடுத்துத் திரும்பும் பெண்கள் பலர். அவருள் ஒருத்திக்கு உறக்கம் கெட்டு, உணவு வெறுத்து, பேச்சும் குன்றினால், வீட்டார் குறி கேட்கவும் மந்திரிக்கவும் விரைவதுண்டு. தைராய்டுச் சுரப்புக் குறைந்தால் மனம் சோரும். குருதிச்சோகையும் ஊக்கத்தைக் கெடுக்கும். நீரிழிவு உடையாரிடம் மனச்சோர்வு மிகுதியாகக் காணப்படும். அவ்வாறே நெடுநாட் கவலை உறக்கத்தையும் செரிமானத்தையும் குலைக்கும். இவற்றை ஆய்ந்தறிதல் மருத்துவர் கடன். நோயுற்றாரைச் சந்நிதிக்கு அழைத்து வருதல் நன்று. அங்கிருந்து மருத்துவரிடமும் அழைத்துச் செல்லுதல் வேண்டும். 2022 அக்டோபரில் நடுவணரசு தொடங்கிய ‘டெலி மானஸ்’ மனநல உதவிக்கு 14416 என்ற எண்ணில் கட்டணமின்றிப் பேசலாம்.

திருப்பணிக்கும் அன்னதானத்துக்கும் வழங்கும் அருட்கொடையாளர்கள், ஏழை நோயாளர் ஒருவரின் வழிச்செலவுக்கும் மருந்துக்கும் உதவின், அது திருமுக்கூடல் அறத்தின் தொடர்ச்சியே ஆகும். கல்லாலாய திருவுருவுக்கு மருந்து சாத்தி மகிழும் அன்பர்கள், இறைவன் உறையும் நடமாடுங் கோயில்களுக்கு மருந்து மறுக்கலாகாது. எல்லாரும் உடல் நலமும் உளநலமும் பெற்றுச் சிவன் கழல் பரவி வாழத் திருவருள் முன்னிற்க.