டௌ பூட்டிஸ்: இரட்டை விண்மீனில் ஒரு வெப்ப வியாழன்

1. களம்

சித்திரை, வைகாசி இரவுகளில் உச்சிவானை ஒட்டிச் செம்மஞ்சளாக ஒளிரும் சுவாதியை எவரும் எளிதில் அடையாளம் காணலாம். அங்கிருந்து மேற்கே வந்தால் நடுத்தர ஒளியுள்ள முஃப்ரித் தெரியும். இன்னும் சற்று மேற்கே, தெருவிளக்கு இல்லாத ஊரில் மட்டும் கண்ணுக்குப் புலப்படும் மங்கலான புள்ளிதான் டௌ பூட்டிஸ். தொலைவு ஏறத்தாழ 51 ஒளியாண்டு, ஒளித்தரம் 4.5.

வெறுங்கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் இது உண்மையில் இரண்டு. முதன்மை மீன் சூரியனைவிட நிறை மிக்கது. மேற்பரப்பு வெப்பநிலை சுமார் 6,400 கெல்வின். ஒளிர்வு சூரியனைப் போல் மூன்று மடங்கு. துணைமீன் சூரிய நிறையில் பாதியை எட்டாத ஒரு செங்குறுமீன். முதன்மை மீனை ஒட்டி, 3.31 நாளுக்கு ஒருமுறை ஒரு பெருங்கோள், அதாவது ஒரு வெப்ப வியாழன், சுற்றிவருகிறது. இக்கோளைப் பற்றி எழுதப்பட்டவற்றில் பெரும்பகுதி துணைமீனை ஓர் அடிக்குறிப்பாகவே நடத்துகிறது. கோள் பிறந்த வரலாற்றைத் துணைமீனை விலக்கிவிட்டு எழுத முடியாது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

2. கண்டறிந்த முறை

1995இல் மிஷேல் மேயரும் டிடியே குவலோஸும் 51 பெகாசியைச் சுற்றும் கோளை அறிவித்தனர். மறு ஆண்டே கலிபோர்னியாவின் லிக் வானாய்வகத்தில் பணியாற்றிய பால் பட்லர், ஜெஃப் மார்சி குழுவினர் டௌ பூட்டிஸின் கோளை அறிவித்தனர். கோளின் ஈர்ப்பால் விண்மீன் முன்னும் பின்னும் அசைகிறது. அந்த வேகம் நொடிக்கு ஏறத்தாழ 470 மீட்டர். 51 பெகாசியின் அசைவைப் போல் இது எட்டு மடங்குக்கும் மேல்.

இம்முறைக்கு ஓர் எல்லை உண்டு. சுற்றுப்பாதை நம் பார்வைக்கு எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று தெரியாதவரை கோளின் குறைந்தபட்ச நிறையே கிடைக்கும். இங்கே அது வியாழனின் நிறையைப் போல் 4 மடங்குக்குச் சற்று மேல். பாதை விண்மீனின் முகத்தைக் கடந்து செல்லாததால், மறைப்பை வைத்து அளக்கவும் வழியில்லை.

3. கோளின் ஒளியைப் பிரித்தெடுத்தல்

1999இல் பிரிட்டனைச் சேர்ந்த ஒரு குழு இக்கோள் எதிரொளிக்கும் விண்மீன் ஒளியைக் கண்டிருக்கலாம் என்று அறிவித்தது. பின்வந்த நோக்கீடுகள் அதை உறுதிசெய்யவில்லை. விடை 2012இல் வந்தது. சிலி நாட்டின் பரனால் மலையிலுள்ள பெரிய தொலைநோக்கியின் அகச்சிவப்பு நிறமாலைமானி கொண்டு மத்தேயோ புரோகி குழுவினர் கோளின் வளிமண்டலத்தில் கார்பன் மோனாக்சைடைக் கண்டனர்.

இதில் அவர்கள் கையாண்ட உத்தியை நிதானமாகப் பார்க்க வேண்டும். கோளின் ஒளி, விண்மீனின் ஒளிக்குள் அடியோடு மூழ்கிக் கிடக்கிறது. ஆனால் புவியின் காற்று நிறமாலையில் பதிக்கும் கோடுகள் இரவு முழுதும் இடம் மாறுவதில்லை. விண்மீனின் கோடுகளும் அசையாதவை போன்றவையே. கோளின் கோடுகள் மட்டும் மணிக்கு மணி நகர்கின்றன. திருவிழாக் கூட்டத்தில் அத்தனை பேரும் நின்றிருக்க ஒருவர் மட்டும் நடந்தால் கண் அவரைப் பிடித்துவிடும் அல்லவா? அசையாதவற்றை எல்லாம் கழித்துவிட்டு, நடக்கும் அந்த ஒன்றைத் தேடினார்கள்.

நம் பார்வைக்கோட்டின் திசையில் கிடைத்த உச்ச வேகம் நொடிக்கு 110 கிலோமீட்டர். கோளுக்கும் விண்மீனுக்கும் உள்ள தொலைவு சுமார் 0.048 வானியல் அலகு, அதாவது 72 லட்சம் கிலோமீட்டர். அந்தச் சுற்றை 3.31 நாளில் முடிக்க நொடிக்கு 157 கிலோமீட்டர் போயாக வேண்டும். இரண்டு வேகங்களின் விகிதம் 0.70; எனவே சாய்வு 44.5 பாகை. கோளின் மெய்யான நிறை வியாழனைப் போல் ஏறத்தாழ 6 மடங்கு என்பது இதிலிருந்தே தெளிந்தது. ஒரு மூலக்கூறின் கோடுகளைக் கொண்டு கோளை எடைபோட்ட இந்தப் பணியை இத்துறையின் மிகச் சிறந்த அளவீடுகளில் ஒன்றாகவே நான் கருதுகிறேன்.

4. விண்மீனின் சுழற்சி

விண்மீனும் தன்னைத்தானே ஏறக்குறைய 3.3 நாளில் சுற்றுகிறது. கனத்த கோள் அருகிலிருந்து இழுத்து, விண்மீனின் மேலடுக்கைத் தன் கதிக்குக் கொண்டுவந்திருக்கலாம். 2006க்கும் 2007க்கும் இடையில் இவ்விண்மீனின் காந்த முனைகள் இடம் மாறியதும் பதிவாயிற்று. சூரியனில் இம்மாற்றத்துக்குச் சுமார் 11 ஆண்டு பிடிக்கும். இங்கே சில மாதங்களுக்கு ஒருமுறை நிகழ்கிறது.

5. துணைமீனின் சாட்சியம்

துணைமீன் 19ஆம் நூற்றாண்டிலேயே ஓட்டோ ஸ்த்ரூவேயின் இரட்டை மீன் பட்டியலில் ஏறிவிட்டது. அன்றிலிருந்து இன்றுவரை இரு மீன்களின் தோற்ற இடைவெளி குறைந்துகொண்டே வந்து இப்போது 2 வில்நொடி அளவில் நிற்கிறது. பழைய, புதிய அளவீடுகளைச் சேர்த்து 2019இல் வெளியான ஆய்வு, துணைமீனின் பாதை மிக நீண்ட நீள்வட்டம் என்றது. மையப்பிறழ்ச்சி சுமார் 0.87, அண்மைநிலையில் இடைவெளி 28 வானியல் அலகு மட்டுமே. இது சூரியனுக்கும் நெப்டியூனுக்கும் உள்ள தொலைவைவிடக் குறைவு.

இங்கேதான் சிக்கல். இவ்வளவு அருகே வந்துபோகும் துணைமீன், கோள் உருவான வாயுத் தட்டின் வெளிப்பகுதியை அறுத்தெறிந்திருக்கும். எஞ்சிய சிறு தட்டில் ஆறு வியாழன் நிறையுள்ள கோள் எப்படித் திரண்டது?

தொலைவில் உருவான வெப்ப வியாழன்கள் விண்மீனை ஒட்டி உள்ளே வந்ததற்குப் பொதுவாக இரண்டு விளக்கங்கள் சொல்லப்படுகின்றன. ஒன்று, தட்டோடு இழைந்து மெல்ல உள்நோக்கி நகர்ந்தன என்பது. மற்றொன்று, சாய்வான பாதையில் செல்லும் துணைமீன் கோளின் பாதையை நீட்டி, பிறகு விண்மீனின் ஓத ஈர்ப்பு அதை வட்டமாக்கியது என்பது. இரண்டாவது வழியில் வந்த கோளின் பாதைக்கும் துணைமீனின் பாதைக்கும் இடையே பெரும் சாய்வு எஞ்சியிருக்க வாய்ப்பு மிகுதி. டௌ பூட்டிஸில் கோளின் பாதை, துணைமீனின் பாதை, விண்மீனின் சுழற்சி ஆகிய மூன்றும் நம் பார்வைக்கோட்டுக்கு ஏறத்தாழ ஒரே சாய்வில் உள்ளன. சாய்வு ஒத்திருப்பதால் மட்டும் மூன்றும் ஒரே தளம் என்று முடிவுகட்ட முடியாது. என்றாலும் சான்றுகள் முதல் விளக்கத்தின் பக்கமே சாய்கின்றன. துணைமீன் கோளை உள்ளே தள்ளவில்லை, கோள் வளர்ந்த இடத்தைத்தான் சுருக்கியது என்பதே என் முடிவு.

துணைமீன் இப்போது அண்மைநிலையை ஒட்டிச் சென்றுகொண்டிருக்கிறது. பாதையின் வளைவு மிகத் துல்லியமாகப் புலப்படும் காலம் இதுவே. விட்டால் இன்னொரு வாய்ப்புக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் காத்திருக்க நேரும். வசதியுள்ள வானாய்வகங்கள் ஆண்டுதோறும் ஓரிரவையேனும் இந்த இணைக்கு ஒதுக்க வேண்டும்.