பாதியில் விட்ட பின்னல்

பொழுதுபோக்காகக் கம்பளி நூல் பின்னுகிறவர் வீட்டில் முடித்த வேலையைவிட முடிக்காத வேலைதான் அதிகம் கிடக்கும். ஒற்றைக் காலுறை ஒன்று தன் ஜோடிக்காகக் காத்திருக்கும். உடல் முடிந்து கை மட்டும் பாக்கியுள்ள ஸ்வெட்டர் ஒன்று ஊசியோடு பைக்குள் சுருண்டிருக்கும். அலமாரியில் பின்னல் புத்தகங்கள் நிற்கும். அவற்றிலுள்ள மாதிரிகளையெல்லாம் பின்னி முடிக்க ஓர் ஆயுள் போதாது என்று வாங்கும்போதே தெரியும், ஆனாலும் வாங்குவார்கள். நூல் கூடையில் பூனை படுத்திருக்கும். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் எத்தனையோ வீடுகளில் காணக்கிடைக்கும் இந்தக் காட்சியைப் பார்த்தால், கணப்பருகே அமர்ந்த பாட்டிகளின் காலத்திலிருந்து அறுபடாமல் வந்த வழக்கம் என்றே யாருக்கும் தோன்றும். நான் அப்படி நினைக்கவில்லை. கைப்பின்னல் மிகப் பழையது. ஆனால் பிடித்த போது எடுத்து, சலித்த போது வைத்து, புத்தகத்தைப் புரட்டி அடுத்ததைத் தேர்ந்துகொள்ளும் இந்த வாழ்க்கைக்கு வயது ஏறக்குறைய 180தான். அச்சகமும் நூல் கடையும் சேர்ந்து 1840களில் அதைப் பெற்றெடுத்தன. அதற்கு முன் பிரிட்டனில் பின்னல் என்பது பெரும்பாலும் கூலி வேலை.

பின்னல் துணி தமிழ் வாசகருக்குப் புதிதில்லை. பனியன் துணியும் அதே இனம்தான். தறியில் பாவு ஒரு பக்கமும் ஊடை ஒரு பக்கமுமாக ஓடும். பின்னலிலோ ஒரே நூல் கண்ணிக்குள் கண்ணியாகத் தன்னையே கோத்துக்கொண்டு போகும். அதனால்தான் இழுத்தால் நீள்கிறது; ஒரு கண்ணி நழுவினால் மளமளவென்று கீழ்வரை அவிழ்கிறது. இந்த நுட்பத்துக்கு நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய சான்றுகள் எகிப்திலிருந்து வந்த நீல, வெள்ளைப் பருத்திக் காலுறைகள். இவை இஸ்லாமிய ஆட்சிக் காலத்தவை. அதற்கும் முந்தைய எகிப்தியக் காலுறைகள் சில லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ளன. பார்க்க அதேபோல் இருந்தாலும் அவை காதுள்ள ஒற்றை ஊசியால் முடிச்சிட்டுச் செய்தவை, அதாவது வேறு கைவேலை. 1400ஐ ஒட்டி மாஸ்டர் பெர்ட்ராம் என்ற ஜெர்மானிய ஓவியர் தீட்டிய பலிபீட ஓவியமொன்றில் மரியாள் நான்கு ஊசிகளில் வட்டமாகச் சட்டை பின்னுகிறாள். இங்கிலாந்தில் பின்னல் பெரிய வியாபாரமாக வளர்ந்தது 16ஆம் நூற்றாண்டில். பின்னல் குல்லாய்த் தொழிலைக் காப்பாற்ற, ஞாயிறுகளிலும் திருநாள்களிலும் சாமானியர்கள் உள்நாட்டுக் கம்பளிக் குல்லாய் அணிய வேண்டும் என்று 1571இல் சட்டமே போட்டார்கள். 1589இல் வில்லியம் லீ காலுறை பின்னும் சட்டகத்தை உருவாக்கினார். அப்படியும் கைப்பின்னல் அடுத்த 200 ஆண்டுக்கு மேல் நீடித்தது. காரணம் எளிது: மலைப்பகுதி ஏழையின் கை, இயந்திரத்தைவிட மலிவாகக் கிடைத்தது.

அந்தக் கைகளை அருகிலிருந்து பார்க்க வடஇங்கிலாந்தின் டென்ட் பள்ளத்தாக்குக்குப் போக வேண்டும். அங்கே ஆண், பெண், குழந்தை எல்லோரும் பின்னினார்கள். வலப்பக்க இடுப்பில், கச்சையில் செருகிய ஒரு மரக்கட்டை இருக்கும். அதன் துளையில் ஊசியின் ஒரு முனையை ஊன்றிவிட்டால் ஊசியைத் தாங்கிப் பிடிக்கும் வேலை வலக்கைக்கு இல்லை. விரல்கள் நூலை வீசிப் போடுவதற்கு மட்டுமே. இளைஞர்கள் தங்கள் காதலிக்கு இந்தக் கட்டையைச் செதுக்கிப் பரிசளித்ததால் அவற்றில் பல இன்று அருங்காட்சியகங்களில் அழகுப் பொருளாக நிற்கின்றன. அழகு உண்மைதான், ஆனால் அது வேகத்துக்கான கருவி. மாலையில் விறகும் விளக்கும் மிச்சம் பிடிக்க ஒரே வீட்டில் கூடிப் பின்னினார்கள். உடலை முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டு ஒரே தாளத்தில் அவர்கள் பின்னியதை எழுத்தாளர் வில்லியம் ஹோவிட் 1838இல் விவரித்தார். டென்டில் பிறந்து கேம்பிரிட்ஜில் நிலவியல் பேராசிரியரான ஆடம் செட்ஜ்விக் தம் முதுமையில் எழுதிய நினைவுகளில், அந்தக் கூட்டத்தில் படிக்கத் தெரிந்த பெண் ஒருத்தி ‘ராபின்சன் குருசோ’விலிருந்தோ ஜான் பனியனின் ‘மோட்சப் பிரயாண’த்திலிருந்தோ ஓர் அத்தியாயம் வாசித்துக் காட்டுவாள் என்கிறார். என் வாதத்துக்கு இது முக்கியமான சாட்சியம். பின்னுகிற அறையில் புத்தகம் இருந்தது. பின்னலைப் பற்றிய புத்தகம்தான் இல்லை. அங்கே யாருக்கும் அது தேவைப்படவுமில்லை, ஏனெனில் என்ன பின்னுவது என்று முடிவு செய்யும் இடத்தில் அவர்கள் இல்லை. நூலைக் கொடுத்த வியாபாரி காலுறை கேட்டால் காலுறை, கையுறை கேட்டால் கையுறை. அந்த ஊருக்குத் தொழில் கற்க அனுப்பப்பட்ட இரண்டு சிறுமிகள் பொறுக்க முடியாமல் தப்பி, குளிரில் நடந்தே வீடு திரும்பிய கதை ராபர்ட் சவுத்தியின் ‘தி டாக்டர்’ நூலில் வட்டார மொழியிலேயே பதிவாகியிருக்கிறது. பாட்டியின் கணப்பருகே என்று நாம் நினைத்துக்கொள்ளும் காட்சியை அந்தச் சிறுமிகள் வேறுவிதமாகவே கண்டார்கள்.

இந்தக் கூலித் தொழில் தேய்ந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில்தான் புத்தகங்கள் வந்தன. அதற்கு முன் அச்சில் ஒன்றுமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. 1655இல் லண்டனில் வெளியான ஒரு மருத்துவக் குறிப்பு நூலில் காலுறை பின்னும் முறை இருக்கிறது. 1800இல் லைப்சிக்கில் நெட்டோ, லேமன் இருவரும் பின்னலுக்கென்றே ஒரு நூல் வெளியிட்டார்கள். ஆனால் வெள்ளமாகப் பெருகியது 1840இல், எடின்பரோவில் ஜேன் கோகான் தம் புத்தகத்தைச் சந்தாதாரர் பட்டியலோடு வெளியிட்ட பிறகு. அது இருபதுக்கும் மேற்பட்ட பதிப்புகள் கண்டது. லண்டனில் பிரான்சிஸ் லாம்பர்ட், பாத் நகரில் கொர்னேலியா மீ என்று அடுத்தடுத்து வந்தார்கள். இந்த மூவரும் கடைக்காரர்கள் என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஜெர்மனியில் சாயமேற்றிய மென்மையான மெரினோ கம்பளி நூல், ‘பெர்லின் நூல்’ என்ற பெயரில் அப்போது நடுத்தர வர்க்கப் பெண்களிடம் பரவிக்கொண்டிருந்தது. நூலை விற்க மாதிரி வேண்டும், மாதிரியைச் சொல்லப் புத்தகம் வேண்டும். பக்கத்து வீட்டாரைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும் வாய்ப்பில்லாத வாசகிக்கு, முகம் காணாமலே கற்பிக்க வேண்டியிருந்ததால் ஒரு புதிய எழுத்துமுறையே பிறந்தது. நேர்க்கண்ணிக்கு ஓர் எழுத்து, மறுகண்ணிக்கு ஓர் எழுத்து, நூலைச் சுற்றித் துளைவிட ஒரு குறி என்று கோகான் சுருக்கக் குறியீடுகளை வகுத்தார். ஊசியின் தடிமன் ஊருக்கு ஊர் மாறினால் குறிப்பு பயன்படாது என்பதால் லாம்பர்ட் ஊசி அளவுகோலைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். இன்று எந்தப் பின்னல் குறிப்பிலும் முதல் வரியிலேயே ஊசி எண்ணும் நூல் வகையும் இருக்கிறதென்றால், அந்த ஏற்பாடு அங்கே தொடங்கியது.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. கூலிக்குப் பின்னியவர்களும் தங்கள் பிள்ளைக்கும் கணவனுக்கும் பின்னத்தானே செய்தார்கள், அதில் ஆசையும் அழகும் இல்லாமலா போயின என்று கேட்கலாம். இருந்தன. செதுக்கிய கட்டைகளும் பாட்டும் கதை வாசிப்பும் அதற்குச் சாட்சி. பின்னுவதில் இன்பம் காண 1840 வரை யாரும் காத்திருக்கவில்லை. ஆனால் தொழிலில் கிடைக்கும் இன்பத்தையும் பொழுதுபோக்கையும் பிரிக்க ஓர் அளவுகோல் வேண்டும். நான் வைக்கும் அளவுகோல் அந்த முடிக்காத வேலைதான். கூலிக்காரி பாதிக் காலுறையை விட்டுவிட்டு வேறொன்றைத் தொடங்க முடியாது. நூல் அவளுடையதில்லை, வாரக் கடைசியில் வியாபாரியின் வண்டி வந்துவிடும். வீட்டுத் தேவைக்குப் பின்னியவளாலும் முடியாது. பனிக்காலத்தில் பிள்ளையின் கால் காத்திருக்காது. பாதியில் விடும் உரிமை, தேவை நீங்கியவருக்கே உண்டு. பல பொழுதுபோக்குப் பின்னலாளர்கள் கூடை நிறைந்த அரைகுறை வேலையைத் தங்கள் குறையாகக் கருதி மன்னிப்புக் கேட்கிறார்கள். வரலாற்றைப் பார்த்தால் அது குறையில்லை. டென்டின் தலைமுறைகளுக்குக் கிடைக்காத சுதந்திரம் அது.

பூனையும் இந்த மாற்றத்தோடு சேர்ந்தே வீட்டுக்குள் வந்தது என்பேன். 1871 ஜூலையில் லண்டன் கிறிஸ்டல் பேலஸில் ஹாரிசன் வீர் நடத்திய காட்சி, பிரிட்டனின் முதல் பெரிய பூனைக் கண்காட்சி. எலி பிடிக்கும் வேலைக்காக வைத்திருந்த விலங்கு அழகுக்கும் துணைக்கும் போற்றப்படும் விலங்காக ஊரறிய மேடையேறியது அங்கே. அதே ஆண்டு இறுதியில் லூயிஸ் கரோலின் ‘கண்ணாடிக்குள் ஆலிஸ்’ வெளிவந்தது. ஆலிஸ் சுற்றி வைத்திருந்த கம்பளி நூல் உருண்டையைக் கறுப்புக் குட்டி உருட்டி அவிழ்த்துச் சிக்கலாக்குவதில் கதை தொடங்குகிறது. பிறகு ஓர் ஆடு கடையில் உட்கார்ந்து 14 ஜோடி ஊசிகளில் ஒரே நேரத்தில் பின்னுகிறது. பூனை எந்தக் காலத்திலும் நூலோடு விளையாடியிருக்குமே, இதிலென்ன புதுமை என்றால், விளையாட்டில் புதுமையில்லை, அதை ரசிக்க முடிந்ததில்தான் இருக்கிறது. முதலாளியின் நூல் சிக்கானால் நஷ்டம் பின்னுகிறவளுக்கு. ஆலிஸின் நூல் சிக்கானால் குட்டிக்கு ஒரு செல்லக் கண்டிப்பு. 1872 தொடக்கத்தில், இந்தப் புத்தகம் லண்டன் வீடுகளில் வாசிக்கப்பட்டுக்கொண்டிருந்த நாள்களில், ஸ்காட்லாந்தின் வடகோடியான ஷெட்லாந்து தீவுகளில் வில்லியம் கத்ரி என்ற அரசு ஆணையர் பின்னல்காரப் பெண்களிடம் சாட்சியம் கேட்டார். மோதிரத்துக்குள் இழுத்துவிடலாம் என்று புகழப்பட்ட சால்வைகள் அவர்கள் பின்னியவை. முதுகில் கூடை நிறைய எரிகரிச் சுமையோடு நடந்தபடியே, இடுப்பு வாரில் ஊசி ஊன்றிப் பின்னிய பெண்கள் அவர்கள். கூலியாக அவர்களுக்குப் பெரும்பாலும் காசு கிடைக்கவில்லை. கடைக்காரர் கொடுத்த தேயிலையும் துணியும்தான் கிடைத்தன. சாப்பாட்டுக்கு மாவு வேண்டுமானால் அந்தத் தேயிலையை வேறொருவரிடம் மாற்ற வேண்டும். அந்தப் பாணிச் சால்வைகளைப் பொழுதுபோக்காகப் பின்னும் குறிப்புகள் 1840களிலேயே அச்சாகிவிட்டன. இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் பின்னலின் வரலாற்றை எழுதுவது நேர்மையாகாது.

அயர்லாந்தின் ஆரன் தீவுகளைக் காட்டி மறுப்பவர்களும் உண்டு. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பின்னல் வடிவம், கடலில் மூழ்கிய மீனவனின் உடலை அதை வைத்து அடையாளம் காண்பார்கள், இது ஆயிரம் ஆண்டு மரபு என்ற கதையை ஸ்வெட்டர் விற்கும் எந்தக் கடையிலும் கேட்கலாம். அந்த ஸ்வெட்டர் உண்மையில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவானது. உடலை அடையாளம் காணும் கதைக்கு 1904இல் மேடையேறிய ஜே. எம். சிங்கின் ‘கடலோடிகள்’ நாடகம் மூலமாக இருக்க வேண்டும். அதிலும் அடையாளம் ஒரு காலுறையில் விட்டுப்போன கண்ணிகளின் எண்ணிக்கைதானே தவிரக் குடும்பச் சின்னம் இல்லை. ஆதி கெல்டிக் மரபு என்ற கற்பனையை ஊதிப் பெருக்கியவர் ஹைன்ஸ் எட்கர் கீவே. 1967இல் அவர் எழுதிய பின்னல் வரலாற்றை ரிச்சர்ட் ரட் 1987இல் தம் ‘கைப்பின்னலின் வரலாறு’ நூலில் ஆதாரத்தோடு மறுத்தார். இந்தப் பழமைக் கதையும்கூடப் புத்தகம் வழியாகவே பரவியது.

அச்சு வந்ததால் கைத்திறன் குறைந்தது என்ற குற்றச்சாட்டில் உண்மை இருக்கிறது. பழைய பின்னல்காரர்கள் வட்டமாகப் பின்னினார்கள்; தையல் இல்லை, எப்போதும் நேர்ப்பக்கம் கண்முன் இருக்கும், கண்ணிகளைப் பார்த்தே அடுத்ததை அறிந்தார்கள். குறிப்புப் புத்தகங்களும் பத்திரிகைகளும் தையற்கடை முறையில் முன்பக்கம், பின்பக்கம், கை என்று தனித்தனித் தட்டைத் துண்டுகளாகப் பின்னித் தைக்கச் சொல்லின. இரண்டு உலகப் போர்களிலும் வீரர்களுக்காக லட்சக்கணக்கில் பின்னியவர்கள் அச்சிட்ட குறிப்புகளையே பின்பற்றினார்கள். ஆனால் அச்சில் வந்த சேதத்துக்கு மருந்தும் அச்சிலேயே வந்தது. இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த எலிசபெத் சிம்மர்மன் வட்டமாகப் பின்னித் தந்த ஸ்வெட்டரை ஒரு பத்திரிகை தட்டைப் பின்னலாக மாற்றி வெளியிட்டது. அதிருப்தியில் 1958இல் அவர் தாமே ஒரு மடல் அச்சிடத் தொடங்கினார். 1971இல் ‘கண்ணீரின்றிப் பின்னல்’ வந்தது. அவர் கற்றுத் தந்த கணக்கு எளியது. மார்புச் சுற்றுக்கு வேண்டிய கண்ணிகளை முழுமை என்று வைத்துக்கொண்டால் மணிக்கட்டுக்கு 20 விழுக்காடு, கழுத்துக்கு 40. உடலுக்கு 200 கண்ணி என்றால் மணிக்கட்டில் 40, கழுத்தில் 80. இதைப் புரிந்துகொண்டவருக்கு வரிவரியான குறிப்பு தேவையில்லை. டென்டின் பின்னல்காரி கையால் அறிந்திருந்ததை, அவளுக்கு இல்லாத தேர்ந்தெடுக்கும் உரிமையோடு சேர்த்து, ஒரு புத்தகம் பொழுதுபோக்காளரின் கையில் கொடுத்தது.

பார்பரா வாக்கர் 1968இல் வெளியிட்டது போன்ற மாதிரித் தொகுப்புகள் நூற்றுக்கணக்கான வடிவங்களைக் காப்பாற்றித் தந்திருக்கின்றன. அவற்றை முதலில் பின்னியவர் யார் என்று அநேகமாக எந்த வடிவத்துக்கும் தெரியாது; ஊர்ப்பெயர் இருக்கும், ஆள்பெயர் இருக்காது. அந்தப் பெயர்களைத் தேடுகிறவர்களுக்காக, கத்ரியின் 1872 அறிக்கையையும் பின்னல் புத்தகமாகவே எண்ணி அலமாரியில் வைக்க வேண்டும் என்று நினைக்கிறேன். சாட்சி சொன்ன பெண்ணின் பெயர், அவள் பின்னிய பொருள், நூல் யாருடையது, கடைக்காரர் போட்ட விலை, கடைசியில் கைக்கு வந்த சரக்கு என எல்லாம் எண்ணிட்ட கேள்வி பதிலாக அதில் அச்சாகியிருக்கின்றன.