சந்தி விளக்கும் நடப்போரும்

சாலைச் சந்தியில் எரியும் விளக்கு மோட்டார் வண்டிக்காகவே பிறந்ததென்று பலர் எண்ணுவர். வரலாறு வேறு கூறுகின்றது. மோட்டார் வண்டிகள் சாலைக்கு வருமுன்னரே, 1868ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில், இலண்டன் நாடாளுமன்றத்தின் அருகே முதற் சந்தி விளக்கு நாட்டப்பெற்றது. குதிரை வண்டிகளின் நெரிசலில் தெருவைக் கடக்க இயலாது இடருற்ற மக்களைக் காப்பதே அதன் நோக்கம். அதனை வகுத்தவர் இருப்புப்பாதைத் துறையினரான ஜான் பீக் நைட் என்பார். பகலில் கைகாட்டியும், இரவில் சிவப்பும் பச்சையுமான எரிவாயு விளக்கும் குறி காட்டின. அவற்றை இயக்கக் காவலர் ஒருவர் நின்றார். மறு திங்களே வாயு கசிந்து விளக்கு வெடித்தது, காவலர் காயமுற்றார். பின்னர் அவ்விளக்கு அகற்றப்பட்டது.

1914இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் மின்சாரச் சந்தி விளக்கு வந்தது. 1920இல் டிட்ராய்ட் நகரக் காவலர் வில்லியம் பாட்ஸ், சிவப்பு, மஞ்சள், பச்சை என்னும் மூன்று நிறங்களையும் நாற்றிசைக்கும் காட்டும் விளக்கை அமைத்தார். சிங்கப்பூரில் 1948இல், செராங்கூன் சாலையும் புக்கிட் தீமா சாலையும் கூடுமிடத்தில் தானியங்கி விளக்கு வைக்கப்பட்டது. தேக்காவுக்குச் செல்வோர் நன்கறிந்த சந்தி அது.

குறித்த நேரப்படி மாறும் விளக்கு, வண்டியில்லாத திசைக்கும் பச்சை காட்டி நிற்கும். இக்குறையை நீக்கச் சிங்கப்பூரில் 1988 முதல் 'கிளைட்' என்னும் கணினி முறை புகுந்தது. சாலையின் அடியிற் பதித்த கம்பிச்சுருள் வண்டிகளை உணரும். வரத்து மிகுந்த திசைக்குக் கணினி பச்சை நேரத்தைக் கூட்டும். ஆயினும், அச்சுருள் உணர்வது வண்டியின் உலோகத்தையே, நடப்போரை அன்று. அவர்கள் பொத்தானை அழுத்தலாம். எனினும், விரைந்து நடக்கும் இளைஞருக்கும் கோலூன்றி வரும் பாட்டிக்கும் ஒரே அளவு நேரமே கிடைத்தது.

2009இல் அறிமுகமான 'கிரீன் மேன் பிளஸ்' முறை இவ்வேறுபாட்டை உணர்ந்தது. முதியோரும் உடற்குறையுடையோரும் தமக்குரிய அட்டையைக் கம்பத்திலுள்ள கருவியில் வைத்தால், சாலையின் அகலத்திற்கேற்ப 3 முதல் 13 விநாடி வரை கூடுதல் நேரம் பெறுவர். நடுச்சாலையில் தயங்கி நிற்கும் மூதாட்டிக்கு அச்சில விநாடிகளே உயிர்க்காப்பு.

இலண்டனில் முதல் விளக்கு எந்த நடப்போருக்காக எழுந்ததோ, அவரிடமே இக்கலை நெடுங்காலம் சுற்றித் திரும்பியுள்ளது. கருவி தானாக எவரையும் காண்பதில்லை. எவரைக் காண வேண்டுமென்று மாந்தர் அதற்குக் கற்பிக்கின்றனரோ, அவரையே அது காணும்.