49 கட்டைகளில் ஒரு வயலின் கூட்டம்

இயந்திரம் இசைக்கலைஞனின் இடத்தைப் பிடித்துவிடுமா என்ற கேள்வி இன்று நேற்று எழுந்ததல்ல. கணினியைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் இதை ஏதோ புதுக் கவலைபோல் நாம் விவாதிக்கிறோம். இசைக்கலைஞர்களோ இதை வயிற்றுப்பாட்டுப் பிரச்சினையாக எப்போதோ சந்தித்துவிட்டார்கள். அந்தக் கவலையைக் கிளப்பிய கருவிகளின் வரிசையில் 'சொலினா ஸ்டிரிங் என்செம்பிள்' என்ற ஒன்று உண்டு. வயலின் குழுவின் ஓசையைத் தருவதாகச் சொல்லி 1974ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்த மின்னிசைக் கருவி அது.

முதலில் அது ஏன் தேவைப்பட்டது என்று பார்ப்போம். ஒரு பாடலின் பின்னணியில் இருபது முப்பது வயலின்கள் ஒலிக்க வேண்டுமென்றால், அத்தனை கலைஞர்களையும் ஒலிப்பதிவுக்கூடத்திற்கு அழைத்துச் சம்பளம் கொடுக்க வேண்டும். ஊர் ஊராகக் கச்சேரிக்குப் போகும் சிறு குழுவால் அது ஆகிற காரியமா? 1960களில் இங்கிலாந்தில் வந்த மெலட்ரான், இதற்கு ஒரு வழி சொன்னது. ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் உண்மையான வயலின் ஓசை பதிந்த ஒலிநாடா ஒன்று இருக்கும். கட்டையை அழுத்தினால் நாடா ஓடும். ஆனால் ஏறத்தாழ எட்டு நொடிகளில் நாடா தீர்ந்துவிடும். விரலை எடுத்து மீண்டும் அழுத்த வேண்டும். தூக்கவும் கனம், பயணத்தில் நாடாக்களும் தகராறு செய்யும். அப்போதே பிரிட்டிஷ் இசைக்கலைஞர் சங்கத்தில் முணுமுணுப்பு எழுந்தது.

மறுபுறம், 1970இல் வந்த மினிமூக் போன்ற மின்னிசைக் கருவிகளில் ஒரு நேரத்தில் ஒரே ஒரு சுரத்தைத்தான் எழுப்ப முடியும். வயலின் கூட்டத்திற்கு அது எப்படிப் போதும்?

விடை நெதர்லாந்திலிருந்து வந்தது. போடேகிராவன் என்ற சிற்றூரில் இயங்கிய எமினென்ட் நிறுவனம், வீடுகளில் வாசிக்கும் மின்சார ஆர்கன்களைச் செய்துவந்தது. 1972ஆம் ஆண்டு வாக்கில் வந்த அதன் 310 ரக ஆர்கனில் வயலின் கூட்டம்போல் ஒலிக்கும் பகுதி ஒன்று இருந்தது. அந்தப் பகுதியைத் தனியே எடுத்து, கையில் தூக்கிச் செல்லும் அளவிற்கு ஒரு பெட்டியில் வைத்ததுதான் சொலினா. அமெரிக்காவில் ஆர்ப் நிறுவனம் அதை வாங்கித் தன் பெயரை ஒட்டி விற்றது. ஆர்ப் என்பது அதன் நிறுவனர் ஆலன் ஆர். பெர்ல்மன் பெயரின் முதலெழுத்துகள். அமெரிக்க விண்வெளித் திட்டங்களுக்குச் சாதனங்கள் வடிவமைத்த பொறியாளர் அவர்.

சொலினாவின் உள்ளே நடப்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். சங்கதியே அங்கேதான் இருக்கிறது.

நம் சங்கீதத்தில் ஒரு ஸ்தாயியில் பன்னிரண்டு சுரஸ்தானங்கள் உண்டல்லவா? சொலினாவில் மிக மேல் ஸ்தாயியின் பன்னிரண்டு ஓசைகள் மட்டுமே முதலில் உருவாக்கப்படுகின்றன. ஒரு சுரத்தின் அதிர்வெண்ணைப் பாதியாக்கினால் அதே சுரம் ஒரு ஸ்தாயி கீழே கிடைக்கும். இப்படிப் பாதி, அதில் பாதி என்று மின்சுற்றுகள் வகுத்துக்கொண்டே போக, 49 கட்டைகளுக்கும் ஓசை தயார். எல்லாக் கட்டைகளையும் ஒரே நேரத்தில் அழுத்தினாலும் எல்லாம் ஒலிக்கும். பின் அந்த ஓசையை வடிகட்டி வயோலா, வயலின், டிரம்பெட், ஹார்ன் என்று பெயரிட்ட பொத்தான்களில் தருகிறார்கள். கீழ்ப்பகுதிக் கட்டைகளுக்கு செல்லோவும் கான்ட்ராபாஸும் உண்டு. டிரம்பெட் பொத்தானை அழுத்திவிட்டு டிரம்பெட் கேட்கும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். அது பெயரளவில் மட்டுமே டிரம்பெட்.

இவ்வளவு செய்தும் ஓசை உயிரற்றுத்தான் இருக்கும். எல்லா ஸ்தாயிகளும் ஒரே மூலத்திலிருந்து பிறந்ததால் இம்மியும் பிசகாமல் பூட்டிக்கொண்டு ஒலிக்கும். கோயிலில் இருபது பேர் சேர்ந்து தேவாரம் பாடும்போது யாரும் ஒரே நூலில் பாடுவதில்லை. ஒருவர் மயிரிழை முந்துவார், மற்றொருவர் பிந்துவார். ஒருவர் சுருதி சற்று ஏறும், இன்னொருவருடையது இறங்கும். அந்தச் சிறு பிசகுகள்தான் கூட்டத்தின் அழகு. சொலினாவுக்கு அந்தப் பிசகை யார் கொடுப்பது?

இங்கே இன்னொரு டச்சுக் கண்டுபிடிப்பு கைகொடுத்தது. 1969ஆம் ஆண்டில் பிலிப்ஸ் ஆய்வுக்கூடத்தில் உருவான 'பக்கெட் பிரிகேட்' என்ற சில்லு அது. தீப்பிடித்த வீட்டை அணைக்க ஊரார் வரிசையாக நின்று வாளித் தண்ணீரைக் கைமாற்றுவதுபோல, மின்னூட்டத்தை ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்குக் கைமாற்றி ஓசையைச் சற்றே தாமதிக்கச் செய்யும். சொலினாவில் ஓசை மூன்று வரிசைகளில் பிரிந்து ஓடுகிறது. மூன்றின் வேகமும் தனித்தனியே கூடிக் குறைந்துகொண்டே இருக்கும். அந்த ஏற்ற இறக்கத்தில் இரண்டு அலைகள் கலந்துள்ளன: ஒன்று, ஒரு சுற்று முடிய ஒரு நொடிக்கும் மேல் எடுக்கும் மெதுவான அலை, மற்றொன்று, நொடிக்கு ஏறத்தாழ ஆறு முறை துடிக்கும் அலை. மூன்றும் மீண்டும் சேரும்போது தட்டையான ஆர்கன் ஓசை, பட்டுத்துணி காற்றில் அலைவதுபோல் விரிகிறது.

ஆனாலும் அது வயலினாகவில்லை. வில் நரம்பைத் தொடும் உரசல் அதில் இல்லை. கமகம் இல்லை. வேகமாக வாசித்தால் வேஷம் கலைந்துவிடும். நல்ல கலைஞர்கள் இதைச் சீக்கிரமே புரிந்துகொண்டு, நீண்ட சுரங்களை நிறுத்திப் பிடிக்கவே அதைப் பயன்படுத்தினார்கள். ஓசையை மெல்ல எழச் செய்யவும், விரலை எடுத்த பின் நீடித்து மங்கச் செய்யவும் அதில் தனித்தனி விசைகள் இருந்தன. பிங்க் ஃபிளாய்ட் குழு 1975இல் வெளியிட்ட 'விஷ் யூ வேர் ஹியர்' இசைத்தொகுப்பில், 'ஷைன் ஆன் யூ கிரேஸி டைமண்ட்' தொடக்கத்தில் ரிச்சர்ட் ரைட் இப்படித்தான் சொலினாவைக் கையாண்டார். ஹெர்பி ஹான்காக்கின் 1974ஆம் ஆண்டு 'திரஸ்ட்' தொகுப்பிலும் இக்கருவி உண்டு. பிரான்சில் ஜான் மிஷேல் ஜார் 1976இல் வெளியிட்ட 'ஆக்சிஜென்' தொகுப்புக்கு மூத்த உறவான எமினென்ட் 310ஐயே பயன்படுத்தினார். இவற்றைக் கேட்டுவிட்டு 'யார் வயலின் வாசித்தது?' என்று எவரும் கேட்பதாகத் தெரியவில்லை.

கலைஞர்களின் அச்சம் மட்டும் தணியவில்லை. மேலும் பல மின்னிசைக் கருவிகள் வந்த பின், 1982ஆம் ஆண்டு மே மாதம், பிரிட்டிஷ் இசைக்கலைஞர் சங்கத்தின் மத்திய லண்டன் கிளை, மின்னிசைக் கருவிகளுக்குத் தடை கோரித் தீர்மானம் போட்டது. பாரி மனிலோ தம் சுற்றுப்பயணத்தில் வாத்தியக்குழுவுக்குப் பதில் இத்தகைய கருவிகளைப் பயன்படுத்தியதே உடனடிக் காரணம். சங்கத் தலைமை அதை ஏற்கவில்லை. அந்தக் கிளையைப் பழமைவாதிகள் என்று கேலி செய்வது எளிது. வேலை இழந்த வயலின் கலைஞனுக்கு, இயந்திரம் நன்றாக வாசித்ததா இல்லையா என்பது இரண்டாம் பட்சம் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

வேடிக்கை என்னவென்றால், தீர்மானம் வருவதற்கு முன்பே சொலினாவின் காலம் முடிந்துவிட்டது. கிட்டார் கலைஞர்களுக்கென்று செய்த அவதார் என்ற கருவி விலைபோகாமல் பெரும் நட்டமடைந்த ஆர்ப் நிறுவனம், 1981இல் மூடப்பட்டது. சொலினா உற்பத்தியும் அந்த ஆண்டோடு நின்றது. உண்மையான வயலினைப் பதிந்து எண்மமாக்கித் தரும் கருவிகளும், 1983இல் யமாஹாவின் டிஎக்ஸ்7உம் வந்த பிறகு, போலி வயலினை யார் சீந்துவார்கள்?

சீந்தினார்கள். 1990களில் இளைய கலைஞர்கள் அந்த அலையும் ஓசைக்காகவே பழைய பெட்டிகளைத் தேடி வாங்கத் தொடங்கினர். இன்று அதைக் கணினியில் பின்பற்றும் மென்பொருள்கள் பல உள்ளன. அசல் சில்லுகளின் இரைச்சலைக்கூட நகலெடுக்க முயல்கிறார்கள். 1991இல் மின்னிசைக் கருவிகளுக்கென்று 128 ஓசைகளின் பொதுப்பட்டியல் ஒன்று வகுக்கப்பட்டது. அதில் 49ஆம் எண் வயலின் கூட்டத்திற்கு. அடுத்தடுத்து 51, 52 என்ற இரண்டு எண்கள், இயந்திர வயலினுக்கென்று தனியே ஒதுக்கப்பட்டன.