உப்பிப்போன கெபாசிட்டர்களும் நான் திட்டிய பையனும்



கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் பழைய மாணவர் ஒருவர் போன வாரம் போனில் கேட்டார். "சார், பேஜ்மேக்கர் ஓடுற பென்டியம் 4 செத்துப்போச்சு. போர்டுதான் போயிருக்குன்னு சொல்றாங்க. என் பழைய ஃபைல் எல்லாம் அதுலதான் திறக்கும். ரிச்சி தெருவுல செகண்ட் ஹேண்ட் மதர்போர்டு கிடைக்குது. எதை நம்பி வாங்குறது?" ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். வரலாற்று வாத்தியாரிடம் கேட்டால் வரலாறு வராமல் இருக்குமா?

மதர்போர்டில் பிராசசரைச் சுற்றிச் சின்னச் சின்ன உருளைகள் நிற்கும், பார்த்திருப்பீர்கள். அவைதான் கெபாசிட்டர். பென்டியம் 4 போன்ற பிராசசருக்கு ஒன்றரை வோல்ட் போலத்தான் வேண்டும். ஆனால் மின்னோட்டம் பத்துக்கணக்கான ஆம்பியர். அந்த மின்சாரம் ஏறி இறங்காமல் சீராகப் போக இந்த உருளைகள் வேண்டும். உள்ளே அலுமினியத் தகடும், எலக்ட்ரோலைட் என்ற திரவத்தில் நனைந்த காகிதமும் சுருட்டி வைக்கப்பட்டிருக்கும்.

1990களின் பிற்பகுதியில் ஜப்பானிய நிறுவனங்கள் அந்தத் திரவத்தில் தண்ணீரின் பங்கை அதிகமாக்கின. விலை குறைந்தது, வேலைத்திறன் கூடியது. ஆனால் தண்ணீர் அலுமினியத்தை அரிக்கும். ஹைட்ரஜன் வாயு கிளம்பும். அதைத் தடுக்கச் சில வேதிப்பொருள்களைச் சேர்க்க வேண்டும். வித்தை அந்தச் சேர்மானத்தில்தான் இருந்தது.

சில ஆண்டுகளில் தைவானில் தயாரான மலிவான கெபாசிட்டர்கள் உலகம் முழுக்க உப்ப ஆரம்பித்தன. தலை புடைக்கும், பழுப்பு நிறத்தில் கசியும், கம்ப்யூட்டர் தானாக ரீஸ்டார்ட் ஆகும், ஒருநாள் எழுந்திருக்கவே எழுந்திருக்காது. 2002, 2003இல் தொழில் இதழ்கள் ஒரு கதையை எழுதின. ஜப்பானிய நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்த விஞ்ஞானி சீனாவுக்குப் போனார். அங்கிருந்து திரவத்தின் செய்முறை தைவானுக்குத் திருட்டுத்தனமாகப் போனது. போனது அரைகுறைச் செய்முறை என்பது அந்தக் கதை. துப்பறியும் நாவல் மாதிரி இருப்பதால் இன்றும் எல்லோரும் அதையே சொல்கிறார்கள். எனக்கு அதில் முழுத் திருப்தி இல்லை. மோசமான சேர்மானம் என்பது உண்மை. திருட்டு என்பது நிரூபணமாகவில்லை.

இன்னொன்றும் இடிக்கிறது. டெல் நிறுவனத்தின் ஆப்டிபிளெக்ஸ் கணினிகளில் கோளாறு செய்தவை நிச்சிகான் என்ற ஜப்பானிய நிறுவனத்தின் கெபாசிட்டர்கள். 2003 மே முதல் 2005 ஜூலை வரை டெல் அனுப்பியவற்றில் 1 கோடியே 18 லட்சம் கணினிகளுக்கு இந்த ஆபத்து இருந்தது. 2010இல் ஒரு வழக்கின் ஆவணங்கள் வெளியே வந்தபோதுதான் விவரம் முழுதும் தெரிந்தது. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் கணிதத் துறையினர் புகார் செய்தபோது, "கடினமான கணக்குகளைப் போட வைத்ததால் கணினி களைத்துவிட்டது" என்கிற மாதிரி பதில் கிடைத்ததாம்! கணக்குப் போட்டால் கெட்டுப்போகும் கம்ப்யூட்டர்!

சிரிக்கிறேன், ஆனால் நானும் அதையேதான் செய்தேன். 2004இல் நான் வேலை பார்த்த பள்ளியின் கம்ப்யூட்டர் லேபில் ஒவ்வொன்றாக மெஷின்கள் படுத்தன. ஒரு பையன் எப்போதும் ஷட்டவுன் கொடுக்காமல் சுவிட்சை அணைப்பான். அவனால்தான் என்று வகுப்பில் எல்லோர் முன்னாலும் நிற்க வைத்துத் திட்டினேன். பிறகு மெக்கானிக் மூடியைத் திறந்து காட்டினார். வரிசையாக எல்லாம் உப்பி நின்றன. அப்போதே அவனிடம் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. தம்பி, நீ இதைப் படித்தால், தப்பு உன்னுடையது இல்லை. சார் மேல்தான் தப்பு. மன்னித்துக்கொள்.

சரி, பத்திரிகைக்காரருக்கு வருகிறேன். முதலில் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி ஃபைல்களை இரண்டு இடத்தில் காப்பி எடுங்கள், போர்டு அப்புறம். 2002-2005 காலத்துப் பலகை என்றால் கெபாசிட்டர்களின் தலையைப் பாருங்கள். கீறல் போட்ட தலை சமமாக இருக்க வேண்டும். விரலால் தடவினால் மேடு தட்டக்கூடாது. ஜப்பான் பெயர் போட்டிருந்தாலும் பார்க்காமல் வாங்காதீர்கள், டெல்லுக்கு நடந்ததுதான் சாட்சி. உப்பியவற்றை மட்டும் மாற்றித் தரும் நல்ல மெக்கானிக் கிடைத்தால் உங்கள் சொந்த போர்டே பிழைக்கும். அதுதான் என் முதல் விருப்பம்; விண்டோஸைத் தொட வேண்டியதில்லை.

முடியாவிட்டால் 2008க்குப் பிறகு வந்த ஜி41 வகைப் பலகை பாருங்கள். பிளாஸ்டிக் உறையும் தலையில் கீறலும் இல்லாத, வெள்ளி போல மின்னும் பாலிமர் கெபாசிட்டர் பிராசசர் பக்கம் இருக்கிறதா பாருங்கள். அதில் உலரவோ கசியவோ திரவம் கிடையாது. பழைய ஐடிஇ ஹார்ட் டிஸ்க்கை மாட்டும் இடம் அவற்றில் பலவற்றில் உண்டு, ஆனால் எண்ணிப் பார்த்து வாங்குங்கள். பழைய பிராசசரும் ராமும் பெரும்பாலும் அதில் பொருந்தாது, அவையும் சேர்த்தே வாங்க வேண்டும். எஸ்எம்பிஎஸ்ஸையும் மாற்றிவிடுங்கள், அதற்குள்ளும் இதே உருளைகள்தான்.

பணம் கொடுக்கும் முன் போர்டைப் பக்கவாட்டில் போட்டோ எடுத்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்துச் சொல்கிறேன்.