அரசியின் கண்ணும் மிலான் வானமும்

இத்தாலியின் பியாங்கி சைக்கிள்களுக்கென்று ஒரு நிறம் உண்டு. பச்சை லேசாகக் கலந்த வெளிர்நீலம். ‘செலெஸ்தே’, அதாவது வான்நிறம், என்பது அதன் பெயர். அது எப்படி வந்தது என்பதற்கு மூன்று கதைகள் வழங்குகின்றன. அரசி மார்கெரிட்டாவின் கண்களின் நிறம் என்பது ஒன்று. மிலான் நகரத்து வானத்தின் நிறம் என்பது இன்னொன்று. ராணுவத்தில் மிஞ்சிய பெயிண்டைக் கலந்ததில் கிடைத்தது என்பது மூன்றாவது. மூன்றையும் ஆண்டு வரிசையில் நிறுத்தி விசாரிப்பதிலிருந்து என் தேடல் தொடங்கியது.

எதுவார்தோ பியாங்கி 1865-இல் பிறந்தவர். மிலானின் அனாதை இல்லத்தில் வளர்ந்தவர். 1885-இல் அதே நகரின் நிரோனே தெரு, 7-ஆம் எண் இடத்தில் சிறு பட்டறை திறந்தார். பத்து ஆண்டுகளில் அவர் மோன்ஸா அரண்மனைக்குப் போய் அரசிக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தார் என்கிறது நிறுவன வரலாறு. இது நம்பக்கூடிய செய்திதான். 1890-களில் ஐரோப்பிய மேட்டுக்குடியினரிடையே சைக்கிள் மோகம் உச்சத்தில் இருந்தது. ஆனால் அரசியைச் சந்தித்ததற்கான சான்று, நிறத்துக்கான சான்று ஆகிவிடாது. அந்தக் காலத்துச் சைக்கிள்களில் மிகப் பெரும்பாலானவை கறுப்பு. ஃபிரேமின் மேல் பூசிய எனாமலை உலையில் வைத்துச் சுட்டு இறுக்குவார்கள். அந்தச் சூட்டில் வெளிர் நிறங்கள் எளிதில் பழுப்பேறும். கறுப்புக்கு அந்தக் கவலை இல்லை. சூட்டோடு மல்லுக்கட்டி ஒரு வெளிர் நிறத்தைத் தேர்ந்தெடுத்து, அதை அரசியின் கண்களோடு இணைத்திருந்தால், அப்படிப்பட்ட விளம்பரத்தை எந்த வியாபாரி வெளியில் சொல்லாமல் வைத்திருப்பார்?

மார்கெரிட்டாவின் பெயர் வரும் இடத்தில் எச்சரிக்கை தேவை என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தக்காளி, பாலாடைக்கட்டி, துளசி வகை இலை ஆகியவற்றைக் கொண்ட பீட்சா 1889-இல் நேப்பிள்ஸில் இதே அரசியின் பெயரைப் பெற்றதாகச் சொல்வார்கள். அதற்குச் சான்றாக ஓர் அரண்மனைக் கடிதமும் காட்டப்படுகிறது. 2014-இல் வரலாற்றாய்வாளர் சக்கரி நோவாக் அந்தக் கடிதத்தின் முத்திரையையும் கையெழுத்தையும் ஆராய்ந்து, அது நம்பத்தக்கதல்ல என்று வாதிட்டார். பீட்சாக் கதை தளர்ந்தால் சைக்கிள் கதையும் பொய்யாகிவிடாது. ஆனால் பிரபலமான பொருள்களைத் தன்பால் இழுத்துக்கொள்ளும் பெயர் அது என்பது இதிலிருந்து தெரிகிறது.

ராணுவக் கதைக்கு முதல் பார்வையில் வலு அதிகம். முதல் உலகப்போரில் ‘பெர்சாலியேரி’ எனப்படும் துரிதக் காலாட்படையினருக்கு மடக்குச் சைக்கிள்களைச் செய்து கொடுத்தது பியாங்கிதான். ஆகவே ராணுவப் பெயிண்ட் பட்டறைக்குள் இருந்திருக்கும். இத்தாலிய ராணுவம் அந்தப் போருக்குச் சில ஆண்டுகள் முன்பே சாம்பல் கலந்த பச்சைக்கு மாறியிருந்தது. சிக்கல் இங்கேதான். அழுத்தமான, சாம்பல் படிந்த ஒரு பச்சையைத் தெளிந்த வெளிர்நீலமாக்க வேண்டுமானால் நீலத்தோடு மிக அதிகமான வெள்ளையும் ஊற்ற வேண்டும். அப்போதும் சாம்பலின் மங்கல் முழுக்கப் போகாது. மிஞ்சிய பெயிண்டைச் செலவழிப்பது சிக்கனம்; அதைச் செலவழிப்பதற்காக அதைவிடப் பன்மடங்கு புதுப் பெயிண்ட் வாங்குவது எந்தக் கணக்கிலும் சிக்கனமாகாது.

வானக் கதையைச் சோதிக்க ஆவணமே இல்லை என்றுதான் தோன்றும். போ சமவெளியின் மூடுபனிக்குப் பேர்போன மிலான், நீல வானத்துக்கு உதாரணமாகச் சொல்லப்படும் ஊரும் அல்ல. தவிர, செலெஸ்தேயில் உள்ள பச்சை எந்த வானத்திலும் இல்லை. அதனால் இதை முதலில் ஒதுக்கிவிடத் தோன்றும். ஆனால் பெயிண்டின் வேதியியல் இந்தத் தீர்ப்பைத் தள்ளிவைக்கச் சொல்கிறது. அன்று மலிவாகக் கிடைத்த முக்கிய நீல நிறமிகளில் ஒன்று, பிரஷ்ய நீலம். அதை வெள்ளையோடு கலந்து ஆளிவிதை எண்ணெய் சார்ந்த பூச்சாக அடித்தால், காலப்போக்கில் எண்ணெய் மஞ்சளிக்கும். நீலத்தின் மேல் மஞ்சள் ஏறினால் கண்ணுக்குத் தெரிவது பச்சை. அப்படியானால் பழைய ஃபிரேம்களில் நாம் காணும் பச்சையில் ஒரு பங்கு, பட்டறையில் கலந்ததாக இல்லாமல் வயது சேர்த்ததாகவும் இருக்கலாம்.

சரி, வெயில் படாத இடத்தில் பார்த்தால் அசல் நிறம் தெரியுமே என்று பழைய சைக்கிள்களைப் புதுப்பிப்பவர்கள் சொல்வதுண்டு. ஹேண்டில்பார் கிண்ணத்தின் அடியிலும், விளக்குத் தாங்கியின் பின்புறத்திலும் தேடுவார்கள். இதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. ஆளிவிதை எண்ணெய் இருட்டில்தான் அதிகம் மஞ்சளிக்கும்; வெளிச்சத்தில் அந்த மஞ்சள் ஓரளவு வெளுக்கும். பிரஷ்ய நீலமோ, வெள்ளை அதிகம் சேர்ந்த கலவையில், வெளிச்சத்தில் மங்கும். ஆக, மூடிக்கிடந்த இடம் பச்சைப் பக்கம் நகர்ந்திருக்கும். திறந்துகிடந்த இடம் வெளுப்புப் பக்கம் நகர்ந்திருக்கும். இரண்டு சாட்சிகளும் பொய் சொல்லக்கூடியவர்களே.

புகைப்படங்கள் உதவுமா? இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பரவலாகப் பயன்பட்ட ஒளித்தட்டுகள் நீலத்தை மிகையாக உணரும், சிவப்பை ஏறக்குறைய உணரவே உணராது. அந்தப் படங்களில் வெளிர்நீலம் வெள்ளையைப்போல் விழும். 1911-இல் இத்தாலியச் சுற்றுப்பந்தயமான ‘ஜிரோ’வை கார்லோ கலெட்டி வென்றது பியாங்கியில்தான். அந்தக் காலத்துப் படமொன்றில் ஒரு ஃபிரேம் வெளிறித் தெரிந்தால், அது செலெஸ்தேயாக இருக்கலாம். வெள்ளையாகவும் வெளிர் சாம்பலாகவும்கூட இருக்கலாம். படத்தை வைத்து ‘கறுப்பு அல்ல’ என்பதை மட்டுமே நிறுவ முடியும்.

கண் பார்த்த சாட்சிகள் இப்படிக் கைவிட்டபின் வலுவான துப்பு கிடைத்தது காதால் கேட்ட சாட்சியிடம். 1949 ஜூன் 10, ஜிரோவின் குனேயோ–பினெரோலோ கட்டம். ஐந்து மலைக்கணவாய்களைத் தாண்டி 192 கிலோமீட்டர் தன்னந்தனியாக ஓட்டிய பியாங்கி அணி வீரர் ஃபாவுஸ்தோ கோப்பி, தன் போட்டியாளர் ஜீனோ பார்தாலியை 11 நிமிடம் 52 விநாடி பின்தள்ளி வென்றார். வானொலியில் வர்ணித்த மரியோ ஃபெரெட்டி, ஒரே ஒருவர் முன்னே செல்கிறார் என்று தொடங்கி, வீரரின் பெயரைச் சொல்வதற்கு முன்பே அவரது சட்டை வெள்ளையும் செலெஸ்தேயும் என்று அறிவித்தார். நாளிதழ்ப் படங்களில் சாம்பலாக மட்டுமே பார்த்திருந்த நிறத்தை, நாடு முழுவதும் அன்று பெயரால் கேட்டது.

இந்தச் சாட்சியின் எடை, எதிரணியைப் பார்க்கும்போது கூடுகிறது. கோப்பி தன் முதல் ஜிரோவை 1940-இல் வென்றது பியாங்கிக்காக அல்ல, லென்யானோ அணிக்காக. அந்த அணியின் நிறம் ஓணான் பச்சை. பார்தாலியும் அங்கேதான் இருந்தார். போருக்குப்பின் கோப்பி பியாங்கிக்கு மாறியதும், இருவருக்கும் இடையிலான போட்டி நிறங்களின் போட்டியாகவும் ஆனது. புழுதிச் சாலையில் தொலைவிலிருந்தே வருபவர் யார் என்று சொல்லிவிடும் அடையாளம் அது. சட்டையும் சைக்கிளும் ஒரே நிறத்தில் இருந்ததால், ஆளும் வண்டியும் ஒரே உருவமாகத் தெரிந்தார்கள். செலெஸ்தேயின் கவர்ச்சிக்கு அரசியின் கண்களைவிட இது நல்ல விளக்கம் என்று கருதுகிறேன். நிறுவனர் எதுவார்தோ 1946-இலேயே காலமாகிவிட்டார். இந்தப் புகழின் உச்சத்தை அவர் காணவில்லை.

கோயில் பெயர்பெற்ற பிறகு தலபுராணம் பாடப்படுவதை நாம் அறிவோம். மூன்று பிறப்புக் கதைகளையும் அப்படித்தான் வாசிக்கிறேன். நிறம் நேசிக்கப்பட்ட பிறகு, அதற்கு அரச வம்சமும் வானமும் போரும் தேவைப்பட்டன. மூன்று கதைகளும் செலெஸ்தேயை மாறாத ஒற்றை நிறமாக எடுத்துக்கொள்கின்றன. அது அப்படி இருந்ததே இல்லை. சில ஆண்டுகளில் நீலம் கூடும், சில ஆண்டுகளில் பச்சை கூடும். 1935-இல் விற்பனைக்கு வந்த தாலோசயனின் நீலமும், அதைத் தொடர்ந்து வந்த அதன் பச்சையும், எளிதில் மங்காத தூய நிறங்களைக் கலக்க வழிசெய்தன. 1973-இல் ஃபெலிச்சே ஜிமோந்தி உலகப் பட்டம் வென்றபோதும், 1998-இல் மார்க்கோ பன்தானி ஜிரோவையும் பிரான்ஸ் சுற்றையும் சேர்த்து வென்றபோதும், பெயர் ஒன்றாக இருந்தது என்பதற்காகக் கலவையும் ஒன்றாக இருந்ததென்று கொள்ள முடியாது.

ஆகவே ‘அசல் செலெஸ்தே எது’ என்று கேட்பவரிடம், எந்த ஆண்டு ஃபிரேமுக்கு என்று திருப்பிக் கேட்பதே முறை. அரசிக் கதையை நிலைநாட்ட 1895-ஐ ஒட்டிய ஒரு விலைப்பட்டியலில் அந்த நிறத்தின் பெயர் போதும். ராணுவக் கதைக்குப் பெயிண்டின் வரவு எழுதிய ஒரு பேரேட்டுப் பக்கம் போதும். அவை கிடைக்கும்வரை, செலெஸ்தேயின் வரலாற்றில் தேதியோடு நிற்கும் பெரிய நாளாக நான் ஏற்பது 1949 ஜூன் 10-ஐத்தான்.