‘பாஸ்’ என்னும் சொல்லின் பிறப்பும் பெருக்கமும்

மேலதிகாரி, முதலாளி என்னும் பொருளில் உலகெங்கும் வழங்கும் ‘பாஸ்’ என்னும் ஆங்கிலச் சொல் இங்கிலாந்தில் பிறந்ததன்று. 17ஆம் நூற்றாண்டில் ஹட்சன் ஆற்றங்கரையில் டச்சுக்காரர் அமைத்த நியூ நெதர்லாந்து என்னும் குடியேற்றத்தின் பேச்சிலிருந்து அது அமெரிக்க ஆங்கிலத்துக்குள் புகுந்தது. டச்சு மொழியில் அதற்கு எசமான் என்பதே நேர்பொருள். (தமிழர் அதை நெடிலிட்டு ஒலிப்பது, தற்செயலாக, பிரித்தானிய ஒலிப்பைவிட டச்சு ஒலிப்புக்கே நெருக்கமாக அமைந்துவிட்டது.) குடியேற்றத்தின் தலைநகரான நியூ ஆம்ஸ்டர்டாம் 1664இல் ஆங்கிலேயர் கைக்கு மாறி நியூயார்க் ஆன பின்னும் அவ்வட்டாரக் குடும்பங்கள் பல தலைமுறைகள் டச்சு பேசிவந்ததால், ‘குக்கி’, ‘கோல்ஸ்லா’ போன்ற அடுக்களைச் சொற்களோடு இதுவும் தங்கிவிட்டது.

தங்கியதற்கு டச்சுக்காரர் காரணம் என்றால், பரவியதற்கு அடிமைமுறை காரணம். இங்கிலாந்தின் சட்டமும் வழக்கும் வேலை கொடுப்பவரை ‘மாஸ்டர்’ என்றும் செய்பவரை ‘சர்வன்ட்’, அதாவது ஏவலர், என்றும் வகுத்திருந்தன. மன்னராட்சியை உதறிக் குடியரசான அமெரிக்காவிலோ, ‘மாஸ்டர்’ என்பது கறுப்பின அடிமைகள் தங்களை உடைமையாக வைத்திருந்தவரை விளிக்கும் சொல்லாக நிலைத்துவிட்டதால், கூலிக்கு உழைத்த வெள்ளையர் அதைத் தம் வாயால் சொல்லக் கூசினர். வீட்டு வேலைக்காரர்கள் தங்களை ‘ஹெல்ப்’, அதாவது ஒத்தாசைக்கு வந்தவர், என்று சொல்லிக்கொண்டது போலவே, பட்டறைத் தொழிலாளர் முதலாளியை ‘பாஸ்’ என்றனர். எசமானை ஒதுக்கிவிட்டு அதே பொருளுள்ள டச்சுச் சொல்லை எடுத்துக்கொண்ட இப்போக்கை, நாவலாசிரியர் ஜேம்ஸ் ஃபெனிமோர் கூப்பர் 1838இல் வெளியிட்ட ‘தி அமெரிக்கன் டெமாக்ரட்’ நூலில் கடிந்தார். சொற்பிறப்பைப் பொறுத்தவரை அவர் சொன்னது சரிதான்; ஆனால் தொழிலாளிக்கு வேண்டியிருந்தது அகராதிப் பொருளன்று, அடிமையிலிருந்து தன்னைப் பிரித்துக் காட்டும் அடையாளமே. அந்தத் தன்மானத்துக்குள் நிறபேதமும் கலந்திருந்ததை வரலாற்றாசிரியர் டேவிட் ரோடிகர் 1991இல் வெளிவந்த தம் நூலில் எடுத்துக்காட்டியுள்ளார்.

தென்னாப்பிரிக்காவில் அதே டச்சுச் சொல் தன் எசமான் பொருளை ஒளிக்கவே இல்லை. 1652இல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி கேப் முனையில் அமைத்த குடியேற்றத்தையொட்டி உருவான ஆஃப்ரிகான்ஸ் மொழியில், கறுப்பினத்தவர் வெள்ளையரை விளித்தாக வேண்டிய சொல்லாக அது இறுகியது. பண்ணையாரின் சிறுவயது மகன்கூட முதிய வேலையாளுக்குச் ‘சின்ன எசமான்’ என்னும் பொருள்பட ‘க்ளெய்ன்பாஸ்’ ஆனான். வெள்ளையர் மேலாதிக்கத்தைக் குறிக்கும் ‘பாஸ்கப்’ என்னும் சொல்லை, 1954 முதல் 1958 வரை பிரதமராக இருந்த ஸ்ட்ரைடம் தம் கொள்கையென வெளிப்படையாகவே முழங்கினார்.

அமெரிக்காவில் இச்சொல் பட்டறையிலிருந்து அரசியலுக்குள் நுழைந்ததும், பதவியில் இல்லாமலும் ஊரை ஆட்டிவைக்கும் கட்சித் தலைவனைச் சுட்டலாயிற்று. நியூயார்க்கின் டாமனி ஹால் என்னும் கட்சி அமைப்பை நடத்திய வில்லியம் ட்வீட், ‘பாஸ் ட்வீட்’ என்றே வரலாற்றில் நிலைத்தார். தாமஸ் நாஸ்ட் 1871இல் ‘ஹார்ப்பர்ஸ் வீக்லி’ இதழில் தீட்டிய கேலிச்சித்திரமொன்றில் ட்வீட்டின் பருத்த உடல்மீது தலை இருக்க வேண்டிய இடத்தில் பணமூட்டை இருக்கிறது. கண்ணும் மூக்கும் டாலர் குறியால் ஆனவை. ஊழலுக்காகச் சிறைப்பட்டுத் தப்பியோடிய அவர் 1876இல் ஸ்பெயினில் பிடிபட்டபோதும் நாஸ்டின் வேறொரு சித்திரமே அடையாளம் காட்ட உதவியது.

கொச்சை வழக்கில் இது ‘அருமையானது’ என்னும் பெயரடையாகவும், அதிகாரம் செய்தல் என்னும் வினையாகவும் திரிந்தது; முன்னதை லிவர்பூல் நகரத்தார் இன்றும் சொல்கின்றனர். வீடியோ விளையாட்டில் ஒரு கட்டத்தின் இறுதியில் எதிர்ப்படும் வலிய பகைவனும் ‘பாஸ்’தான். கேடயத்தின் நடுக்குமிழைக் குறிக்கும் அதே எழுத்துடைய சொல் பழைய பிரெஞ்சிலிருந்து வந்த வேறொன்று.

தமிழ்நாட்டில், அலுவலக மேலதிகாரியையும் திரைப்படக் கடத்தல் தலைவனையும் குறித்தது போக, ‘பாஸ், கொஞ்சம் தள்ளி நில்லுங்க’ என்று பேருந்தில் முன்பின் அறியாதவரை விளிக்கவும் இச்சொல் பயன்படுகிறது. அண்ணன் என்றால் வயதைக் கூட்டியதாகவும், தம்பி என்றால் இறக்கியதாகவும், சார் என்றால் விலக்கி வைத்ததாகவும் ஆகிவிடக்கூடிய இடத்தில், ஏறக்குறைய ஒத்த வயதுடைய ஆண்கள் இதனால் அச்சிக்கலைத் தாண்டிவிடுகின்றனர். பெண்களை அவ்வாறு விளிப்பது அரிது. முதியவரை விளித்தாலோ, எசமான் என்னும் பொருளிருந்தும், மரியாதைக் குறைவாகவே கொள்ளப்படும்.